இடுகுறி

நாலரை மணி. கொன்கார்னோ ஏலக்கூடத்தில்
தரை கழுவிய தண்ணீர் இன்னும் வடியவில்லை.
மாடியில் நானும் ஒரு திரையும் ஆறிப்போன காப்பியும்.
கீழே, பெட்டி பெட்டியாகப் பேய்க்கணவாய்.

இந்தக் கரையில் இவ்வளவாய் யாரும் கண்டதில்லை.
எங்கள் நிரலும் கண்டதில்லை.
அதன் பட்டியலில் பதினேழு மீன்கள்,
பதினேழும் ஒரே குலம், ஒரே கோத்திரம்,
ஒரே கோப்பில் பிறப்புச் சான்று.

மூடிய பட்டியலைக் குறைசொல்ல மாட்டேன்.
நாக்குமீனை எங்காவது மறந்தால்
கம்பைலர் தோளைத் தட்டும்:
‘இதை என்ன செய்வதாய் உத்தேசம்?’
அந்தத் தட்டலை நம்பித்தான்
எட்டு வருடம் தூங்கினேன்.

ஆனால் பதினெட்டாவதைச் சேர்க்க அந்தக் கோப்பைத் தொட்டால்
எடைமேடை மாற வேண்டும், பனிக்கிடங்கு மாற வேண்டும்,
லாரிச் சீட்டு மாற வேண்டும்,
கெம்பேரில் வரிக்கணக்கு நிரல் எழுதும் திருமதி ரிவோவால்
செவ்வாய்க்கிழமை வரை விடுப்பில் இருக்க முடியாது.

படிக்கட்டின் அடியிலிருந்து மாலோ கெர்வெல்லா கத்துகிறார்:
‘ஆறு மணிக்கு ஏலம்!
பேர் இல்லாததை எப்படி விற்பது?’

எனோரா குளிர்காலத்திலேயே சொன்னாள்.
தனிக் கிளையாக எழுதியும் வைத்தாள்.
ஒழுங்கு கெட்டுவிடும் என்றேன்.
மூன்று நாள் பேசவில்லை அவள்.
இப்போது அதைத் திறக்கிறேன்.

ஏழாம் எண்ணின் விசையில் ஒளிந்திருக்கும் சாய்ந்த கீற்று,
பிரெஞ்சில் உயிரெழுத்தின் தலைமேல் உட்காரும்.
ஓகாமலில் எந்த உயிரையும் சாராமல்
பெயருக்கு முன்னால் தனியே நிற்கும்.
நின்றால் போதும்,
நீ எந்தக் கோப்பில் பிறந்தாய் என்று எவரும் கேட்பதில்லை.
இட்டதே குறி.
பாலிமார்ஃபிக் வேரியன்ட் என்று மேடைகளில் சொல்வார்கள்;
எனோரா ‘நாடோடிப் பெயர்’ என்பாள்.

எடைமேடை சொல்கிறது:
இவையெல்லாம் எனக்குத் தெரியும், இன்னும் வந்தாலும் வரட்டும்.
பனிக்கிடங்கு சொல்கிறது:
இந்த நான்கைத் தவிர எதுவும் வாசல் தாண்டக் கூடாது.
ஒரே பெயர் இரண்டு வீட்டுக்கும் போய்வருகிறது.

மேடையின் பிழை ‘தராசு நனைந்தது’,
கிடங்கின் பிழை ‘கதவு சாத்தவில்லை’;
முகம் பாராத இருவர் எழுதியவை.
இரண்டையும் சேர்த்துப் போர்த்த
மூன்றாவதாய் ஒரு சட்டை நான் தைக்கவில்லை.
கம்பைலரே கூட்டிக்கொண்டது,
ஒன்றைத் தீர்த்ததும் கழித்துக்கொண்டது.

ஐந்து ஐம்பது. எல்லாம் பச்சை.
மாலோவுக்குக் கை அசைத்தேன்.

ஆறு இருபதுக்குப் பதினோரு பெட்டிகள்
‘இதர மீன்’ விலைக்குப் போய்விட்டன.

ஏலச் சீட்டில் ஓர் உயிரெழுத்தை விழுங்கி எழுதியிருந்தேன்.
தோளை யாரும் தட்டவில்லை.
அதையும் ஒரு புது மீன் என்று
வணங்கி வரவேற்றிருந்தது கம்பைலர்.

எனோரா வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே படித்தாள்.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
‘உள்ளே திறந்திருக்கலாம்.
வாசலில் மட்டும், யார் யார் வரலாம் என்று
கைப்பட எழுதி வைக்க வேண்டும்.
எழுதித்தான் வைத்திருந்தேன்.
நீ அழித்திருக்கிறாய்.’

ஆமாம். அவசரத்தில்.
அலங்காரம் என்று நினைத்து.

மாலோவுக்குச் சேர வேண்டியதை
என் சம்பளத்தில் எழுதிக்கொண்டேன்.
அவர் பணத்தைப் பற்றிப் பேசவில்லை.
அடுத்த வருஷம் வேறென்ன வருமோ என்று
கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.
அவர் காலடியில், மூடிய பெட்டியின் விளிம்பு வழியே
ஒரு கை வெளியே வந்து
மூடியை மேலிருந்து தடவிக்கொண்டிருந்தது.